எழுதித் தர முடியாத ஒரு வரி

நாட்டின் பாதுகாப்புக்காக ரகசியமாக வேலை பார்க்கும் அரசுத் துறை ஒன்றில், பணியாளர் வழக்குகளைக் கவனிக்கும் வக்கீலாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார் வக்கீலம்மா. வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெளியில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், அரசாங்க ஆபீஸ், சட்டப் பிரிவு என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் சொல்ல அனுமதி கிடையாது. விடாமல் துருவியவர்கள் துப்பாக்கியும் துரத்தலுமாக எதையெதையோ கற்பனை செய்துகொள்வார்கள். அவருடைய மேஜைக்கு வந்ததெல்லாம் லீவு மறுத்த தகராறு, பதவி உயர்வு கிடைக்காத மனஸ்தாபம், பிரசவ விடுப்பில் போன பெண்ணின் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்த கதை. ரகசியம் காக்கிற இடத்திலும் மனிதர்கள் மற்ற இடங்களைப் போலத்தான் முட்டிக்கொண்டார்கள்.

அவர் இந்த வேலைக்கு வந்ததே கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரிதான். சட்டம் படித்து முடித்த புதிதில் தொழிற்சங்க வழக்குகளை நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். சங்கத்தில் சேர்ந்தார், அங்கே சம்பளம் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. 'பணியாளர் சட்ட அலுவலர் தேவை' என்று பேப்பரில் வந்த விளம்பரத்தில் எந்தத் துறை என்றே போடவில்லை. போய்ப் பார்த்தால் நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே, "வீட்டுல வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?" என்பதுதான். "எங்க வீட்டுல எனக்குப் பேச வாய்ப்பே கிடைக்காதுங்க" என்றார். தேர்வாளர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய கணவர் பல் மருத்துவர். நாள் முழுக்க வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடம் பேசிப் பேசி, எதிராளி பதில் சொல்வார் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் போய்விட்ட மனிதர். நாத்தனார் வக்கீலம்மாவுக்கு வைத்த பட்டப்பெயர் 'பூட்டு'. "அண்ணி, பூட்டு இன்னிக்காவது திறக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே நுழைவாள்.

ஆரம்பத்தில் அவர் மேலதிகாரிகளோடு நிறைய மல்லுக்கட்டினார். இந்தப் பையனை இப்படி நீக்கக் கூடாது, அந்தப் பெண்ணுக்குக் காரணம் சொல்லாமல் இடமாற்றம் தரக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதினார். சிலவற்றைக் கேட்டார்கள், பலவற்றைக் கேட்கவில்லை. போகப் போக, எதிரே உட்காரும் அதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன சொல்வார் என்பது இவருக்குத் தெரிந்துவிட்டது. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனாலும் பெரிய வாதம் தேவைப்படாது. 'இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, இதற்கு மேல் விளக்க இயலாது' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் நீதிபதி பெருமூச்சு விட்டு வழக்குக் கட்டை மூடுவார். எதிர்ப்பக்கத்து வக்கீல், பேச வந்ததையெல்லாம் முழுங்கிவிட்டு உட்காருவார். இப்படி ஜெயித்த நாட்களில் வக்கீலம்மா பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு.

காதுக்காரர் வழக்கு வந்தது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது நடக்கும்போது.

துறையில் ஒரு பிரிவு இருந்தது. அதில் இருந்தவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கெங்கிருந்தோ பிடித்த பேச்சுகளைக் கேட்டு எழுதுகிறவர்கள். அவர்களைக் கட்டடத்தில் எல்லோரும் காதுக்காரர்கள் என்பார்கள். அவர்களில் ஒருவர், பதினைந்து பதினாறு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர், காதுக்குள் ஓயாமல் விசிலடிக்கிறது என்று சொல்லி வேறு வேலை கேட்டார். பழகிய காது கிடைப்பது கஷ்டம் என்று மறுத்துவிட்டார்கள். பிறகு அவர் ஏதோ ஒரு பேச்சைத் தப்பாகக் கேட்டுத் தப்பாக எழுதிவிட்டார். உடனே, வேலைக்குத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதர் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். காது போனது வேலையால். வேறு வேலை கொடுங்கள், இல்லையென்றால் முழு ஓய்வூதியத்தோடு அனுப்புங்கள் என்பது அவருடைய மனு.

மனுவைப் படித்த வக்கீலம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்ன வேலை பார்த்தோம் என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று காதுக்காரர் உறுதிமொழி கொடுத்திருந்தார். அதனால் மனுவில், 'நான் ஓர் அறையில் அமர்ந்து ஒரு பணியைச் செய்தேன். அந்தப் பணியினால் என் செவித்திறன் பாதிக்கப்பட்டது' என்று இருந்தது. என்ன அறை, என்ன பணி, எதையும் காணோம். சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவன்கூட ஊதித் தள்ளிவிடுவான்.

இயக்குநரும் அதைத்தான் சொன்னார். "சுலபமான கேஸ். வழக்கமான பதிலைப் போட்டுடுங்க. அறையில் இயல்புக்கு மீறிய சத்தம் எதுவும் இல்லைன்னு ஒரு வரி சேத்துக்கங்க."

"அங்க சத்தம் இருக்குமா சார்?"

"அந்த ரூம்லயா? ஊசி விழுந்தா கேக்கும்."

அது நிஜம்தான் என்று வக்கீலம்மாவுக்குத் தெரியும். நிஜமாக இருந்ததுதான் உறுத்தியது. பொய்யாக இருந்திருந்தால் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்திருப்பார்.

"ரூமைப் பாத்துட்டு கையெழுத்துப் போடறேன் சார்."

"இத்தனை வருஷமா பாக்காமத்தானே போட்டீங்க?"

"ஆமா சார்."

இயக்குநர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, எழுதிக் குடுங்க" என்றார். வக்கீலம்மாவின் அடையாள அட்டைக்கு இரண்டு மாடிக் கதவுகள்தான் திறக்கும். காதுக்காரர்களின் மாடிக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி மூன்று மேஜைகளில் படுத்து எழுந்து வருவதற்குள் பதில் போட வேண்டிய கெடு நெருங்கிவிட்டது.

அறை உண்மையிலேயே அமைதியாக இருந்தது. சுவரெல்லாம் மெத்தை மாதிரி துணி. ஜன்னல் இல்லை. வரிசையாக மேஜைகள். குனிந்த தலைகள். உள்ளே வந்தவர் யார் என்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கருவிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அவரைக் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். காதுக்காரருடைய நாற்காலி அதுதான். கைப்பிடி தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"பயிற்சிக்கு வச்சிருக்கிற பழைய பதிவு ஒண்ணைப் போடறேன் மேடம். மத்தது உங்களுக்குக் கேக்க அனுமதியில்லை."

வக்கீலம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதலில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு அடியில், பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் பேசுவது போல ஒரு குரல். ஆண் குரல் என்பது வரைக்கும் புரிந்தது. என்ன பேசுகிறான் என்று பிடிபடவில்லை. கை தானாக வால்யூம் திருகுக்குப் போயிற்று. கொஞ்சம் திருகினார். இன்னும் கொஞ்சம். ஒரு வார்த்தை பிடிபட்டது போல இருந்த அந்த நேரத்தில், இரும்புத் தகட்டை இரும்பால் கீறிய மாதிரி ஒரு சத்தம் இரண்டு காதையும் துளைத்துக்கொண்டு போயிற்று. ஹெட்போனைப் பிடுங்கி எறியாத குறையாக மேஜையில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"முதல் தடவை எல்லாரும் அப்படித்தான் மேடம்" என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி. "லைன்ல அப்பப்ப அப்படி வரும்."

"அடிக்கடி வருமா?"

"சில நாள் வரவே வராது. சில நாள் வந்துகிட்டே இருக்கும்."

"இதைத் தடுக்க ஒண்ணுமே இல்லையா?"

மெக்கானிக் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "சத்தத்தை வெட்டுற பொட்டி ஒண்ணு இருந்துச்சு மேடம். அதைப் போட்டா பெரிய சத்தத்தோட மெல்லிசாப் பேசறதும் சேந்து அமுங்கிப் போகுது. வேலை நடக்கலைன்னு மேல இருந்து கழட்டச் சொல்லிட்டாங்க. கழட்டினப்ப நானும் இருந்தேன். ரொம்ப வருஷம் ஆச்சு."

"அதுக்கப்புறம் மாட்டவே இல்லை?"

"இல்லை மேடம்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகும் வக்கீலம்மாவின் காதில் மெல்லிய விசில் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் கணவர் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது விசிலுக்கு மேலே மிதந்து மிதந்து வந்தது.

"என்ன, காதைக் காதைத் தேய்க்கறே?"

"ஒண்ணுமில்லைங்க."

"எனக்கும் இடது காது கொஞ்சம் மந்தம்தான். பல்லு குடையற மிஷின் பண்ற வேலை. இருபத்தஞ்சு வருஷமா அதையே கேட்டா வேற என்ன ஆகும்?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கடைவாய்ப் பல்லுக்குப் போய்விட்டார்.

வக்கீலம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரால் எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லுவார். காலையில் எழுந்தபோது வக்கீலம்மாவின் காதில் விசில் நின்றிருந்தது. நின்றுவிட்டது என்பதே ஏதோ தப்புச் செய்த மாதிரி இருந்தது.

இயக்குநரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் நாள் பூராவும் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தேய்ந்து போனவர்தான். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒருத்தருக்கு ஒத்துக்கிட்டா அந்த ரூம்ல இருக்கற முப்பது பேரும் வரிசையில வந்து நிப்பாங்கம்மா."

"நிக்கட்டும் சார். அவங்க காதையும் சோதிச்சுப் பாத்துடலாம்."

"பாத்துட்டு? எல்லாரையும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பிட்டு, அந்த நாற்காலியில நானும் நீங்களுமா உக்காரப் போறோம்?"

வக்கீலம்மா பதில் வரைவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பிறகு, "அந்த வரியில நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார்.

"நீங்க போடலைன்னா வேற யாராவது போடுவாங்க."

"போடுவாங்க. ஆனா நீதிபதி, 'ரூம்ல சத்தம் இல்லை, சரி, காதுல மாட்டினதுல?'ன்னு ஒரு கேள்வி கேட்டா அவங்க முழிப்பாங்க. நம்ம வழக்கமான வாக்கியத்தைச் சொல்லித் தப்பிக்கலாம். பேப்பர்காரன் எவனாவது பின்னால உக்காந்திருந்தா, காது போன ஆளுக்கு எதுக்கு இவ்வளவு ரகசியம்னு தோண்டுவான்."

நியாயத்தைச் சொன்னதற்கு அசையாத இயக்குநர் பேப்பர்காரனுக்கு அசைந்தார். இரண்டு நாள் மேலே போய்ப் பேசிவிட்டு வந்தார். காதுக்காரருக்குத் துறையின் பயிற்சிப் பள்ளி நூலகத்தில் வேலை. பழைய சம்பளம். இடையில் வீட்டில் இருந்த காலமும் பணிக்காலமாகவே சேரும். வைத்தியச் செலவு துறையுடையது. மனுவை வாபஸ் வாங்க வேண்டும். துறை எதையும் ஒப்புக்கொள்ளாது.

"அந்தப் பொட்டி சார்? மறுபடி மாட்டறது?"

"அது உங்க வேலை இல்லைம்மா."

சமரசப் பேச்சு தீர்ப்பாயக் கட்டடத்திலேயே ஒரு சின்ன அறையில் நடந்தது. நான்கு நாற்காலி, ஆடுகிற மேஜை, தண்ணீர்க் குடுவை ஒன்று. காதுக்காரர் தன் மனைவியோடு வந்திருந்தார். ஒல்லியான மனிதர். யாராவது பேசினால் வலது பக்கத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்து வாயையே பார்த்தார். அவர் பக்கத்து வக்கீல் இளைஞர். கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்த சந்தோஷத்தில், ஒப்பந்தத்தை நகல் எடுத்து வருகிறேன் என்று வெளியே ஓடினார்.

மனைவி ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவர். உட்கார்ந்ததிலிருந்து கணவரை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வக்கீலம்மாவிடம்தான் கொட்டினார். "படுத்தா ரேடியோவை அலற விட்டுக்கிட்டுத்தான் படுக்கறார் மேடம். பொண்ணு பக்கத்துல வந்து பேசினா கத்தாதேங்கறார். டாக்டர் ரெண்டு காதையும் பாத்துட்டு, உள்ள ஒண்ணும் தெரியலையே, என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டார். இவர் ஆபீஸ்ல எழுதற வேலைங்கறார். எழுதினா காது போகுமா? எல்லாம் மனசுலதான் இருக்கு, யோசிக்காதீங்கன்னு மாத்திரை எழுதிக் குடுத்துட்டார். எங்க அண்ணன்கூட, வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான். நான் யார் பக்கம் பேசறது?"

காதுக்காரர் இதை எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு வரி சேக்கணும்."

"சொல்லுங்க."

"வேலையால வந்ததுன்னு."

"அது எழுத முடியாதுங்க."

"பணம் கூடக் கேக்கல. நூலகம்கூட இல்லைன்னு வச்சுக்கங்க, பரவாயில்லை. அந்த ஒரு வரி போதும் எனக்கு."

"எழுதினா நாங்க ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மேல விட மாட்டாங்க. ஒப்பந்தமே இல்லாமப் போயிடும்." வக்கீலம்மா இதை மெதுவாக, வாய் தெரியும்படி சொன்னார்.

காதுக்காரர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. இந்தப் பதிலையும் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார் போல. பேனாவை எடுத்தவர், எடுத்த கையை அப்படியே மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தான் துறையின் வக்கீல், எதிரே இருப்பது எதிர்க்கட்சி என்பது வக்கீலம்மாவுக்குத் தெரியாதா? ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்கு எதிராக வாயைத் திறக்கக் கூடாது என்பதைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவர்தான். இருபது வருடத்தில் வீட்டிலோ வெளியிலோ ஒரு வார்த்தை சிந்தியதில்லை. அவர் குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். பிறகு காதுக்காரரின் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"நான் இவர் வேலை செஞ்ச இடத்துக்குப் போனேம்மா. இவர் நாற்காலியிலயே உக்காந்தேன். கொஞ்ச நேரம்தான். அன்னிக்குப் பூரா எனக்கும் காதுல விசிலடிச்சுது. உங்க வீட்டுக்காரர் சொல்றது கற்பனை இல்லை. அது வேலையால வந்ததுதான். இதை எழுதித் தர மாட்டேன். இதுக்கு மேல எதையும் கேக்காதீங்க."

அந்தப் பெண் முதல் தடவையாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லக் கூடாதும்மா" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

இளம் வக்கீல் நகல்களோடு திரும்பி வந்து, என்ன நடந்தது என்று புரியாமல் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். காதுக்காரரின் மனைவி எழுந்து, நாற்காலியைக் கணவரின் வலது பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒப்பந்தத்தை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக அவருக்குப் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வக்கீலம்மா இயக்குநரிடம் போய், கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் தான் சொன்னதையும் சொன்னார். மறைத்து வைக்க அவருக்குத் தெம்பு இல்லை. இயக்குநர் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டே, "நீங்க கடைசியா என்னவோ சொன்னீங்க. எனக்கு அது காதுல விழல" என்றார். அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டார். அவர் காப்பாற்றியது என்னையா, தன்னையேயா என்று யோசித்துக்கொண்டே வக்கீலம்மா படியிறங்கினார்.

அடுத்த வருடம் சட்டப் பிரிவின் தலைமைப் பதவி காலியானது. வரிசைப்படி வக்கீலம்மாவுக்கு வந்திருக்க வேண்டியது, அவரைவிட எட்டு வயது சின்னவருக்குப் போயிற்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அந்த மாதிரிப் பதில்களை இத்தனை வருடமாக எழுதிக் கொடுத்ததே அவர்தான். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டுக் கேட்டுப் பார்த்த கணவர், கடைசியில் அவருடைய பல்லைச் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு காதுக்காரர்கள் மனுவோடு வந்தார்கள். முதல் ஒப்பந்தத்தைக் காட்டி அவர்களையும் சண்டை இல்லாமல் வேறு இடத்துக்கு மாற்றினார் வக்கீலம்மா. சத்தத்தை வெட்டும் பெட்டியைப் பற்றி வருடத்துக்கு ஒரு தரம் குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். பதில் வந்ததில்லை. கடைசியில் பழைய கருவிகளைத் தூக்கிவிட்டுப் புதியவை வந்தபோது, அந்தப் பெட்டி உள்ளேயே இருந்தது. மெல்லிய பேச்சையும் அது அமுக்கவில்லையாம். யாரும் கேட்டு வாங்கியது இல்லை; இப்போது எல்லாம் அப்படித்தான் வருகிறது என்றார் மெக்கானிக்.

காதுக்காரரை அவர் மறுபடி பார்த்தது பயிற்சிப் பள்ளியில். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பணி விதிகளைப் பற்றி வகுப்பெடுக்கப் போயிருந்தார். நேரம் இருந்ததால் நூலகத்தில் எட்டிப் பார்த்தார். காதுக்காரர் எழுந்து வந்து, வலது பக்கமாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். முகம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"விசில் எப்படி இருக்கு?"

"அது இருக்கு மேடம். அது போகாது. வீட்டுல சண்டை இல்லை, அதனால கொஞ்சம் தாங்க முடியுது." பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். அவருக்கு ரகசியம் பேசுவது என்றால் உரக்கப் பேசுவதுதான். "இங்க ஒரு பொண்ணு அடுக்கற வேலை பாக்குது மேடம். அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு கேட்டா தர மாட்டேங்கறாங்க. என்ன பண்ணலாம்?"

பத்தடி தள்ளிப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கிட்ட கேக்காதீங்க. நான் எதிர்க்கட்சி" என்றார் வக்கீலம்மா.

காதுக்காரர் சிரித்தார். வக்கீலம்மா எழுந்தார். முழங்கால் வலித்தது. கதவு வரை போனவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று, "வாயால கேக்காதே, எழுதிக் குடு. தேதி போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். அங்கே முப்பது இளவட்டங்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வருடத்துக்கு எத்தனை நாள் லீவு என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.